திண்ணை இல்லாத மாளிகை

கோயிற் கட்டிடக்கலை பற்றி நம் மன்றத்துக் கூட்டங்களில் பலர் பேசியிருக்கிறார்கள். கோட்டை கொத்தளங்களைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். நீதிமன்றக் கட்டிடங்களைப் பற்றி எவரும் பேசி நான் கேட்டதில்லை. காரணம் எளிது. கோயிலுக்கு விரும்பிப் போகிறோம். கோர்ட்டுக்கு விரும்பிப் போவார் யார்? 'கோர்ட்டுப் படி ஏறாதவர்' என்று சொல்லி ஒருவரைப் புகழ்வது நம் ஊர்களில் இன்றும் உள்ள வழக்கம். அந்தப் படியை யார் கட்டினார், எந்த மாதிரியைப் பார்த்துக் கட்டினார், படி ஏறியவன் அதன்பின் எங்கே நிற்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தார் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எனக்கு இதில் ஆவல் பிறந்ததற்கு எங்கள் ஊரின் விசித்திரமான சரித்திரமே காரணம். நான் கொச்சியில், சுள்ளிக்கல்லில் வளர்ந்தவன். வீட்டை விட்டுப் புறப்பட்டு ஒரு பக்கம் நடந்தால் மட்டாஞ்சேரி; இன்னொரு பக்கம் நடந்தால் கோட்டைக் கொச்சி. இடையில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. 1967 முதல் எல்லாம் ஒரே மாநகராட்சி. ஆனால் அதற்கு முந்திய நூற்றைம்பது ஆண்டுக் கதை வேறு. டச்சுக்காரர்களிடமிருந்து 1795-இல் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்ட கோட்டைக் கொச்சி, சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவின் ஒரு துண்டாயிற்று. மட்டாஞ்சேரியோ கொச்சி மகாராஜாவின் ஆட்சியில் நின்றது. விளைவு என்ன? கோட்டைப் பக்கத்து மளிகைக்காரர் ஒருவருடைய வழக்கு மேலே மேலே போனால் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போகும். பணமும் பிடிவாதமும் இருந்தால் கடல் கடந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்கும் போகும். மட்டாஞ்சேரிப் பக்கத்து மளிகைக்காரரின் வழக்கு காயலைக் கடந்து எறணாகுளம் மட்டும் போகும். கொச்சி அரசுக்கு வெளியே மேல்முறையீடு கிடையாது. இருவரும் விற்றது ஒரே மிளகு.

கொச்சி அரசின் நீதிமன்றச் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1812 வரையில் நாடுவாழிகளும் தேசவாழிகளுமே வழக்குத் தீர்த்தனர். அவ்வாண்டு திவானாக இருந்த கர்னல் மன்றோ, படிப்படியாக அமைந்த நீதிமன்றங்களை முதன்முதலில் ஏற்படுத்தினார். (இவர் ஜான் மன்றோ. சென்னையில் சேணமில்லாக் குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ வேறு.) திருச்சூரிலும் திருப்பூணித்துறையிலும் கீழ்க் கோர்ட்டுகள், அவற்றுக்கு மேல் ஹஜூர் கோர்ட்டு. பின்னர் ஹஜூர் கோர்ட்டு ராஜாவின் அப்பீல் கோர்ட்டாயிற்று. 1900-இல் மூன்று நீதிபதிகள் கொண்ட சீஃப் கோர்ட்டாயிற்று. 1938 ஜூன் 18-இல் கொச்சி உயர்நீதிமன்றமாக உயர்ந்தது. இந்தக் கடைசி மாற்றம் நிகழ்ந்தபோது திவானாக இருந்தவர் நம் கோயமுத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார், பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரானவர். 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சி உயர்நீதிமன்றம் எறணாகுளத்தில் அமைந்தது. 1956 நவம்பர் 1-இல் அது கேரள உயர்நீதிமன்றமாயிற்று. கோட்டைக் கொச்சியும் அன்றுதான் சென்னையின் பிடியிலிருந்து விலகி அயல்வீட்டோடு சேர்ந்தது.

சட்டத்தின் கதை இது. கட்டிடத்தின் கதைக்கு வருவோம்.

கேரள உயர்நீதிமன்றம் பல்லாண்டுகள் பணிபுரிந்த இடம் எறணாகுளத்து ராம் மோகன் அரண்மனை. பெயரே சொல்கிறது, அது கோர்ட்டாகக் கட்டப்பட்டதன்று. நம் நாட்டுப் பழைய நீதிமன்றங்களைப் பார்த்துவந்தால் இரண்டு வகை கண்ணில் படும். அரண்மனையாக இருந்து கோர்ட்டானவை ஒரு வகை. கோர்ட்டாகவே பிறந்தும் அரண்மனை வேடம் பூண்டவை மற்றொன்று. ஓட்டுக் கூரையோடு தாலுகா ஊர்களில் நிற்கும் முன்சீப் கோர்ட்டுகளை நான் மறக்கவில்லை. அவை தங்களால் இயன்ற அளவுக்குப் பெரிய மாளிகைகளைப் பார்த்து நடக்கும் சிறிய மாளிகைகள்.

அரண்மனையைக் கோர்ட்டாக்குவதில் ஒரு சங்கடம் உண்டு. நல்ல நீதிமன்றக் கட்டிடத்துக்கு மூன்று வழிகள் வேண்டும் என்பர் கட்டிடக் கலைஞர். நீதிபதி வர ஒரு வழி. காவலில் உள்ளவனைக் கொண்டுவர ஒரு வழி. பொதுமக்கள் வர ஒரு வழி. இம்மூன்றும் நீதிமன்றக் கூடத்துள் மட்டுமே சந்திக்கவேண்டும். வெளியே சந்தித்தால் அச்சுறுத்தலுக்கும் சிபாரிசுக்கும் இடமாகும். அரண்மனையோ ஒரு குடும்பம் வாழக் கட்டியது. அதில் ஓர் அறைக்குள் புகுந்து அடுத்த அறைக்குப் போகவேண்டும். வெளியார் உள்ளே வரக்கூடாது என்பதே அதன் தத்துவம். இத்தகைய வீட்டைக் கோர்ட்டாக மாற்றினால் நீதிபதிக்கு நல்ல அறை கிடைக்கும். வக்கீலுக்கு ஓர் ஓரம் கிடைக்கும். வழக்காளிக்கு மிஞ்சுவது தாழ்வாரம்.

எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருந்தார். கிடங்கு ஒன்றில் சரக்கு நிறுப்பவராக வேலைசெய்தவர். இளமையில் ஒரு வாடகை வழக்குக்காகக் கோர்ட்டுக்கு அலைந்ததைச் சொல்வார். எந்தக் கோர்ட்டு என்று இங்கே எழுதவேண்டியதில்லை. விடியலில் படகேறிப் போனால் மாலையில் திரும்புவாராம். வழக்கின் நியாயத்தை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை. 'தூண் பன்னிரண்டு. எட்டாம் தூணில் மத்தியானம் வரை நிழல் இருக்கும். அப்புறம் வெயில் வந்துவிடும். உட்கார இடமில்லை, தம்பி' என்பார். ஒருநாள் கால் கடுத்துப்போய், எதிரே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து டவாலி வெளியே வந்து பெயரை மூன்று முறை கூவிவிட்டான். அதுவும் தமிழ்ப் பெயரை மலையாள உச்சரிப்பில். மரத்தடிக்குக் குரல் எட்டவில்லை. ஆஜராகவில்லை என்று வழக்குத் தள்ளுபடி. மறுபடி மனுப்போட்டு, செலவு கட்டி, வழக்கை எடுப்பித்து நிறுத்த மேலும் நான்கு மாதம் பிடித்ததாம்.

இதைச் சட்டத்தின் குறை என்று சொல்வார்கள். நான் கட்டிடத்தின் குறை என்பேன். ஒரு பெஞ்சு இருந்திருந்தால் அவர் மரத்தடிக்குப் போயிருக்கமாட்டார்.

இனி மதுரைக்குப் போவோம். அரண்மனை கோர்ட்டாவதற்கு நம் நாட்டில் அதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை. திருமலை நாயக்கர் 1636-இல் கட்டிய அரண்மனையில் இன்று நிற்பது நான்கில் ஒரு பங்கே என்பர். எஞ்சியவற்றுள் பெரும் பகுதியை அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் இடித்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோனார் என்பது செய்தி. அழிந்துகொண்டிருந்த மிச்சத்தை 1866 முதல் 1872 வரை சென்னை மாகாணக் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு செப்பனிடச் செய்தார். செப்பனிட்ட வேலையில் ஈடுபட்டவர் ராபர்ட் சிஸ்ஹோம் என்ற கட்டிடக் கலைஞர். அதன்பின் ஜில்லா கோர்ட்டு அந்த மாளிகையில் நடந்தது. 1970 வரை நடந்தது. இன்று அங்கே ஒலி-ஒளிக் காட்சி பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு, அந்தத் தூண்களின் இடையே வாய்தா வாங்கியவர்களும் வக்காலத்துக் கொடுத்தவர்களும் தலைமுறை தலைமுறையாக நின்றார்கள் என்பது தெரியும்?

இந்த மாளிகையை நான் பார்க்கப் போனது தூண்களின் பருமனுக்காக அன்று. சொர்க்கவிலாசத்து முற்றத்தைச் சுற்றிவந்தபோது ஒன்று தெரிந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய அந்தத் தூண் வரிசையில், தூணின் அடிப்பீடத்திலும் படிக்கட்டிலும் ஜனங்கள் தாமாகவே உட்கார்ந்திருந்தார்கள். எவரும் அவர்களை அமரச் சொல்லவில்லை. மண்டபம் என்ற அமைப்பின் குணம் அது. மண்டபத்தில் தரையே ஆசனம். திறந்த முற்றத்தை நோக்கி எல்லாப் பக்கமும் திரும்பியிருப்பதால் ஓரிடத்தில் கூவியது மற்றோரிடத்தில் கேட்கும். அரசருக்காகக் கட்டிய இடம், தற்செயலாக, வழக்காளிக்கு ராம் மோகன் போன்ற பிற்கால அரண்மனைகளைவிட ஏற்றதாக அமைந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

மதுரை என்றதும் நம்மவர் நினைவுக்கு வரும் வழக்கு ஒன்றே. சிலப்பதிகாரத்தில் கண்ணகி நீதி கேட்டுச் சென்ற இடமும் அரண்மனையே; அவள் முதலில் பேச நேர்ந்தது வாயிற்காவலனோடு. காவலன் உள்ளே போய்ச் சொல்லி, அரசன் அழைத்த பிறகே அவள் உள்ளே போகமுடிந்தது. ஆனால் அரசனின் வாயில் ஒன்றே பழந்தமிழரின் நீதித்தலம் என்று எண்ணவேண்டா. மதுரைக்காஞ்சி அந்நகரின் அறங்கூறவையத்தைத் தனியே சிறப்பித்துச் சொல்கிறது. பத்தாம் நூற்றாண்டில் உத்தரமேரூர்ச் சபையார் கூடிய மண்டபத்தின் சுவரிலேயே, சபைக்கு யார் உறுப்பினராகலாம், யார் ஆகக்கூடாது என்ற விதிகளை முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிவைத்தார்கள். சட்டப் புத்தகமும் கட்டிடமும் அங்கே ஒன்றே. 'மன்றம்' என்ற சொல்லே முதலில் பொதுவெளியைக் குறித்தது; மரத்தடியைக் குறித்தது. இன்று உயர்நீதிமன்றம் என்று எழுதும்போது அந்தப் பழைய மரநிழலும் அச்சொல்லில் இருக்கிறது. ஆனால் கூடத்துள் சாட்சியும் குற்றவாளியும் நிற்கும் இடத்துக்கு நம் ஜனங்கள் வைத்த பெயரைப் பாருங்கள்: கூண்டு! எந்த அகராதிக்காரரும் கற்பித்த சொல் அன்று இது. நின்று பார்த்தவர்கள் வைத்த பெயர்.

சென்னைக்கு வருவோம். மதுரையில் அரண்மனையைச் செப்பனிட்ட நேப்பியர்-சிஸ்ஹோம் கூட்டுக்கும் சென்னை உயர்நீதிமன்றத்துக்கும் ஓர் உறவு உண்டு. இந்நாட்டு அரசாங்கக் கட்டிடங்களை இந்நாட்டு மரபைத் தழுவிக் கட்டவேண்டும் என்று நேப்பியர் 1870-இல் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். சிஸ்ஹோம் சேப்பாக்கத்திலும் பல்கலைக்கழக செனட் மண்டபத்திலும் அதைச் செய்துகாட்டினார். மதுரையில் வளைவையும் தூணையும் அளந்து பழகிய கை அது. குவிமாடமும் வளைவும் மினாரும் கலந்த அந்தப் பாணிக்கு இந்தோ-சாரசெனிக் என்று பெயர் வந்தது. அந்தப் பாணியில் எழுந்த பெரிய கோர்ட்டு சென்னையில் உள்ளது.

1862-இல் தோன்றிய சென்னை உயர்நீதிமன்றம் முப்பதாண்டுகள் கடற்கரையை ஒட்டிய பழைய கட்டிடத்தில் இடநெருக்கடியோடு நடந்தது. புதிய மாளிகைக்கு 1888-இல் வேலை தொடங்கிற்று. முதல் வரைபடம் பிராசிங்டன் என்பவருடையது. அதை மாற்றியமைத்துக் கட்டிமுடித்தவர் ஹென்றி இர்வின். 1892 ஜூலை 12-இல் கவர்னர் வென்லாக் பிரபு மாளிகையைத் தலைமை நீதிபதி சர் ஆர்தர் காலின்ஸிடம் ஒப்படைத்தார். செலவு ஏறத்தாழப் பதின்மூன்று லட்சம் ரூபாய். சிம்லாவில் வைசிராய்க்கு மாளிகையும், பின்னர் மைசூரில் மகாராஜாவுக்கு அரண்மனையும் கட்டிக்கொடுத்தவர் இதே இர்வின். ஆகவே கோர்ட்டு அரண்மனை போலிருப்பதில் வியப்பென்ன? கட்டிய கை ஒன்றல்லவா!

செங்கல்லின் சிவப்பு, குவிமாடங்களின் கூட்டம், வண்ணக் கண்ணாடி பதித்த சாளரங்கள், சித்திர வேலை செய்த மேற்கூரை ஆகியவற்றைப் பற்றி எழுதினால் இந்த இதழ் போதாது. பதின்மூன்றாம் எண் நீதிமன்றக் கூடத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். உலகிலேயே இரண்டாவது பெரிய நீதிமன்ற வளாகம் இது என்று வழிகாட்டி நூல்கள் எழுதுகின்றன. அளந்து காட்டியவர் எவரையும் நான் கண்டதில்லை. ஆதலால் அந்தப் பெருமையை விட்டுவிடுகிறேன். துறைமுகத்து ஊர்க்காரனாகிய எனக்குப் பிடித்தது வேறொன்று. இக்கோர்ட்டின் உயர்ந்த கோபுரமே 1894 முதல் கலங்கரை விளக்கமாகவும் இருந்தது. 1977-இல் மெரினாவில் புதிய விளக்கம் வரும்வரை, சென்னையை நோக்கி வந்த மாலுமிக்கு இரவில் வெளிச்சம் காட்டியது கோர்ட்டின் உச்சி. அதற்கு முந்திய விளக்கத்தூண், 1844-இல் ஏற்றப்பட்டது, இன்னும் அதே வளாகத்தில் நிற்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைமீது சுட்டபோது ஒரு குண்டு இவ்வளாகத்துச் சுவரைத் தாக்கியது. அந்த இடத்தில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள்.

வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்கும் சிலை உண்டு. கன்றை இழந்த பசு கொம்பால் அசைத்தது அரண்மனை வாயிலில் கட்டியிருந்த மணியை. அந்தக் கதையில் நீதிமன்றக் கட்டிடம் என்று தனியே ஒன்றில்லை; ஒரு கயிறும் மணியுமே போதுமானதாக இருந்தன. யாரும் எட்டக்கூடிய உயரத்தில் கயிறு தொங்கியது என்பதுதான் அதிலுள்ள கட்டிடக்கலை.

இர்வினுடைய மாளிகையில் தாழ்வாரங்கள் குறைவில்லை. வளைவு வளைவாக நீண்டு போகின்றன. வெயிலையும் மழையையும் சுவருக்கு எட்டாமல் தடுக்கின்றன. மின்விசிறி வருமுன் காற்றைக் கூடத்துக்கு அனுப்பியவை அவையே. கட்டிடத்துக்குத் தாழ்வாரம் செய்யவேண்டிய தொண்டு அனைத்தையும் செய்கின்றன. மனிதனுக்குச் செய்யவேண்டிய ஒன்றுதான் விட்டுப்போயிற்று. மசூதியிலிருந்து குவிமாடத்தை எடுத்தார்கள். கோயிலிலிருந்து தூணின் வேலைப்பாட்டை எடுத்தார்கள். ஐரோப்பாவிலிருந்து கோபுரத்தை எடுத்தார்கள். நம் வீட்டு வாசலில் இருந்த திண்ணையை எடுக்க எவருக்கும் தோன்றவில்லை. வழிப்போக்கன் கேளாமலே உட்காரத் தமிழன் கட்டியது திண்ணை. மலையாள நாட்டிலும் முன்தாழ்வார விளிம்பில் சாய்ந்து உட்காரத்தக்க மரப்பலகையை வீட்டோடு சேர்த்தே அமைத்தார்கள். சாருபடி என்பது அதன் பெயர். இரண்டும் கட்டிடத்தின் உறுப்புகள். பிற்பாடு வாங்கிப்போடும் சாமான்கள் அல்ல. ஆகையால் ஒருவரும் அவற்றை எடுத்துக்கொண்டு போகமுடியாது. கோர்ட்டுத் தாழ்வாரத்துப் பெஞ்சு அப்படியன்று. இன்றிருக்கும், நாளை ரிக்கார்டு அறைக்குப் போய்விடும்.

வெளிநாட்டார் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்களா என்று கேட்கலாம். அமெரிக்காவில் ஜில்லாவுக்கு நிகரான பிரிவு கவுண்டி. டெக்சஸ் மாநிலத்தில் மட்டும் 254 கவுண்டிகள். அவற்றின் தலைநகர்களில், நம் ஊர்நடுவில் கோயில் இருப்பதுபோல, சதுக்கத்தின் நடுவே கோர்ட்டு இருக்கும், மேலே மணிக்கூண்டு, சுற்றிலும் கடைவீதி. இவ்வகைக் கோர்ட்டுகளுள் பெயர்பெற்றது பிட்ஸ்பர்க் நகரத்து அலகேனி கவுண்டி நீதிமன்றம். ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் வரைந்தது. 1884-இல் தொடங்கிய வேலை 1888-இல் முடிந்தது. அதாவது சென்னையில் அடித்தளம் தோண்டிய ஆண்டு. அதைக் காண ரிச்சர்ட்சன் உயிரோடு இல்லை, 1886-இலேயே காலமானார். புறத்தே பெரிய கருங்கல் கோட்டை போலத் தோன்றும் அதன் நடுவில் ஒரு திறந்த முற்றத்தை அமைத்தார் அவர். நீதிமன்றக் கூடங்களுக்கு வெளிச்சமும் காற்றும் கிடைக்கவேண்டும் என்பது நோக்கம். இரும்பாலைப் புகை சூழ்ந்த ஊர் அது. முற்றம் இன்று மக்கள் அமர்ந்து இளைப்பாறும் இடமாக இருக்கிறது. நாயக்கருடைய முற்றத்தை ரிச்சர்ட்சன் பார்த்ததில்லை. ஆயினும் இரு முற்றங்களும் ஒரே வேலையைச் செய்கின்றன.

இனி இக்காலம். எறணாகுளத்தில் ஒன்பது மாடிப் புதிய உயர்நீதிமன்றம் 2006 பிப்ரவரி 11-இல் திறக்கப்பட்டது. மின்தூக்கி உண்டு, வழிகள் ஒழுங்காகப் பிரிந்திருக்கின்றன, பழைய அரண்மனையின் நெருக்கடி தீர்ந்தது. தமிழ்நாட்டில் 2004 ஜூலை 24 முதல் மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை நடக்கிறது. கன்னியாகுமரிக்காரர் சென்னைக்கு ஏறத்தாழ எழுநூறு கிலோமீட்டர் போகவேண்டியிருந்தது. இப்போது அதில் பாதித் தூரமும் இல்லை. ஒரு வழக்காளிக்கு எந்தக் குவிமாடத்தையும்விட இது பெரிய உபகாரம் என்பதில் எனக்கு ஐயமில்லை. கட்டிடக்கலை என்பது எங்கே கட்டுவது என்பதையும் சேர்த்ததுதான்.

கல்லூரியில் பொறியியல் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் தாலுகா கோர்ட்டுக்கு ஒருநாள் காலை பத்து மணிக்குப் போங்கள். கூடத்தை அளக்கவேண்டா, அதை மராமத்து இலாகா அளந்து வைத்திருக்கும். தாழ்வாரத்தின் அகலத்தை அளவெடுங்கள். எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், நிழல் எத்தனை மணிக்கு நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டவாலி கூப்பிடும்போது எந்தத் தூண்வரை குரல் கேட்கிறது என்பதையும் குறியுங்கள். பத்து ஊர்க் கணக்குச் சேர்ந்தால் அடுத்த இதழில் வரைபடத்தோடு எழுதலாம். மட்டாஞ்சேரி, எறணாகுளம் கணக்கை நான் எடுத்துத் தருகிறேன்.